படகு கொடுத்த ஒற்றைக்கண் கிழவன்

கம்பெனி பஸ்ஸில் நான் போனில் ஆடுவது நார்ஸ் என்னும் வட ஐரோப்பியப் புராணக் கேம். அதில் கேட்காமலே உதவுகிறவன் மாறுவேடத்தில் வந்த கடவுளாக இருப்பான், பின்னால் கழுத்தறுப்பான்.

மண்ணூரில் எனக்கு முன்பே ஏறும் ரேவதி, துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள். ஃபேக்டரியில் எங்கள் வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடராக எங்கள் இருவரில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். அதனால் அவளிடம் வேலை விஷயமே பேசமாட்டேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எதுக்குடி எனக்கு சீட்டு புடிக்கிற?"

"உக்காந்தாதானே நீ கேம் ஆடுவ, நானும் பாப்பேன். அந்த ஒத்தக்கண்ணு கெழவன் படகு குடுத்தானே, அப்பால இன்னா ஆச்சு? நேத்து நீ தூங்கிட்ட."

"ஏமாத்துவான் பாரு."

"உனக்கு எல்லார் மேலயும் டவுட்டுடி."

கம்பெனி இருக்கும் ஒரகடம் வருவதற்குள் கிழவன் படகைக் கவிழ்த்தான். என்னைவிட ரேவதிதான் அவனை அதிகம் திட்டினாள்.

லீடர் யாரென்று இன்னும் சொல்லவில்லை. என் சந்தேகமும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் போனை இப்போது இருவருக்கும் நடுவில் பிடிக்கிறேன்.