அறுபத்து மூன்று பொட்டலம் பொடி

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஏற முப்பத்தெட்டுப் படிகள். மூட்டுவலியால் பதினோராவது படியிலேயே உட்கார்ந்துவிடும் என் மனைவி, ஒருநாள் நிற்காமல் அத்தனையும் ஏறி வந்தாள். நான் மகிழ்ந்தேன். அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

காரணம் ஒரு பொடி. பிரேசர் டவுனில் ஒரு மாடி அறையில் ஒருவன் மூலிகை என்று சொல்லிக் கொடுத்தது. தினம் ஒரு பொட்டலம். அறுபத்து மூன்று நாளில் அறுபத்து மூன்று. எண்ணினேன். அவள் முகம் ஊதி உருண்டையானதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நான் இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். எலி ஈரல் செல்லுக்குள் ஸ்டீராய்டு எவ்வளவு போகிறது என்று எண்ணுவதே என் வேலை. அது உள்ளே நுழைந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு சேரும். சேர்ந்த ஜோடி உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து, சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். வீக்கம் உண்டாக்குபவை அடங்குவதால் வலி போகிறது. இதை நம்பித்தான் அந்த மருந்தே. ஆனால் அந்த ஏற்பி மூட்டில் மட்டுமா இருக்கிறது? மூளையிலும் இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், மூளை, சுரக்கச் சொல்லும் தன் ஆணையை நிறுத்திவிடும். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியபோதுதான் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறான் என்று புரிந்தது. ஆத்திரத்தில் மீதி ஒன்பது பொட்டலத்தையும் கழிவறையில் கொட்டினேன்.

"ஐயோ, ஏங்க கொட்டுறீங்க? வெஷமா அது?"

"வெஷம்தான். இனிமே தொடாத."

மூன்றாம் நாள் காலை வாந்தியெடுத்து, குளியலறை வாசலில் சரிந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"திடீர்னு நிறுத்தினது யாரு?" என்றாள் டாக்டர்.

"நான்தாம்மா."

"கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும் அங்கிள். தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. நான் கொட்டியதையே ஊசியில் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள்.

கண் விழித்ததும் அவள் சொன்னாள்: "எலிங்களுக்கெல்லாம் கணக்கு பாத்தீங்க. பொண்டாட்டிய கோட்டை விட்டுட்டீங்களே."

இப்போது டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நாள் கணக்கு வைத்துக் குறைத்து வருகிறோம். போன வாரம் அந்த மாடி அறைக்குப் போனேன். வாசலில் பதினேழு ஜோடி செருப்பு.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு, சாப்பிடாதீங்க!" என்று கத்தினேன். உடனே அவள் சரிந்து கிடந்தது கண்முன் வந்தது. "ஏற்கெனவே சாப்பிடறவங்க சட்டுனு நிறுத்திடாதீங்க! பொட்டலத்த எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க!"

வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "சாப்பிடாதன்றீங்க, நிறுத்தாதன்றீங்க. எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க தாத்தா."

இரண்டும்தான் என்றேன். நான் இறங்குவதற்குள் இன்னும் நான்கு பேர் மேலே ஏறினார்கள்.