உங்கள் நாட்டில் கிடைக்காது

1. ஒரு சனிக்கிழமை மாலை, அழகர்கோவில் போகும் வழியில் மஞ்சள் கல் நட்டுப் போட்டிருந்த காலி மனையில், அண்ணன், அம்மா, நான் மூவரும் சேர்ந்து நான்கு நிமிடக் கேலி வீடியோ ஒன்றை எடுத்தோம்.
2. மறுநாள் சாயங்காலம் அண்ணன் அதைத் தன் சேனலில் ஏற்றினான்.
3. திங்கள் காலை அம்மா அதன் லிங்க்கைத் தன் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஒரு சிரிக்கும் முகம்.
4. அதைத் திறந்த எல்லாருக்கும் கறுப்புத் திரையில் ஒரே வரி வந்தது: இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது.
5. மதியச் சாப்பாட்டுக்குள், டீச்சர் நடித்த படத்தை அரசாங்கம் தடுத்துவிட்டது என்று பள்ளி முழுக்கப் பேச்சாகிவிட்டது.
6. அம்மா தலைமையாசிரியர் ஆவதற்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எது கெட்டுப்போனாலும் நடந்ததை வரிசையாக எழுதுவது பழக்கம். வரிசை சரியாக இருந்தால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரிந்துவிடும். இதிலும் தெரிந்தது. தெரிந்ததால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

வீடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் இருக்கும் மாய உலகத்தில் மனை விற்பதாக ஒரு செய்தியை அண்ணன் படித்திருந்தான். நம் ஊர் மனைத் தரகர் அந்த மனையை விற்றால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. தரகராக அண்ணன். வாங்க வந்த பெண்ணாக அம்மா. முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவிக்குப் பதிலாக, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ரப்பர் பட்டை கோத்து அம்மாவின் முகத்தில் மாட்டியிருந்தோம். எதிரே கருவேலம் தவிர ஒன்றும் இல்லை.

"அக்கா, நேரா பாருங்க. இங்கிட்டு பஸ் ஸ்டாண்டு வருது, அங்கிட்டு காலேஜ் வருது."

"வருது வருதுங்கிற, எப்பப்பா வரும்? அது கெடக்கட்டும், தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க விடுவாக?"

"இந்த உலகத்துல தாகமே எடுக்காதுக்கா."

"தாகம் எடுக்காது சரி. காப்பிக்கு?"

அந்தக் காப்பி நாங்கள் எழுதிக் கொடுத்ததில் இல்லை. அம்மாவாகச் சொன்னது. பிறகு பெட்டியைக் கழற்றாமலே குனிந்து, இல்லாத வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட ஆரம்பித்தார். கேமராவைப் பிடித்திருந்த என் கை சிரிப்பில் ஆடியது. வீடியோவில் அந்த ஆட்டம் இப்போதும் இருக்கிறது.

அண்ணனுக்குக் கல்யாண வீடியோ எடுப்பதுதான் தொழில். தரகர் காரிலிருந்து இறங்கும் இடத்தில் பெரிய மனிதர் வரும் பாவனைக்காக, கல்யாண ஆல்பங்களில் வழக்கமாகப் போடும் நாதஸ்வர மேளத்தில் பன்னிரண்டு விநாடியை வெட்டி வைத்தான். அது யாரோ பதிவுசெய்தது, யாருக்கோ சொந்தமானது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எந்த மண்டபத்திலும் தாலி கட்டும்போது ஒலிப்பதற்குச் சொந்தக்காரர் இருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை. இருந்தார். ஒரு இசை நிறுவனம். வீடியோ தளத்தின் இயந்திரம் அந்தப் பன்னிரண்டு விநாடியைத் தானாகக் கண்டுபிடித்திருந்தது. நிறுவனத்திடம் இருந்தது இந்தியாவுக்கான உரிமை மட்டும். அதனால் இந்தியாவில் மட்டும் தடை. மற்ற நாடுகளில் ஓடியது.

திங்கள் மாலையே இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டேன். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அம்மாவிடம் திரையைக் காட்டி விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, இம்புட்டு வாயி பேசுறியே, அந்தத் தரகன் கார்ல வரும்போது ஹாரன் அடிச்சா பத்தாதா? மேளம் எதுக்குடா ஒனக்கு?"

"கெத்தா இருக்கும்னு போட்டேன்மா."

"இருக்குடா. நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பாரு, எம்புட்டுக் கெத்தா இருக்குன்னு."

ஷார்ஜாவில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு அன்றே லிங்க்கை அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. "சித்தி சூப்பர்டி! நாலு தடவ பாத்துட்டோம்" என்றாள். போனில் பின்னால் அம்மாவின் குரல் காப்பி கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மைல் தூரத்தில் எடுத்ததை நாங்கள் ஷார்ஜா வழியாகக் கேட்டோம்.

அம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி. தலைமையாசிரியை மே மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அடுத்த மூத்தவர் அம்மா. அவரை விட்டால் அறிவியல் எடுக்கும் ஆசிரியை, அம்மாவைவிட எட்டு வயது இளையவர். அவர் உட்கார்ந்துவிட்டால் அம்மாவின் காலத்தில் அந்த நாற்காலி மறுபடி காலியாகாது. இப்போது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முடிவெடுப்பவர் பள்ளியின் செயலர். டவுனுக்குள் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்று அம்மா எப்போதும் சொல்வார். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்.

புதன்கிழமை அவர் அம்மாவைக் கடைக்கு வரச் சொன்னார். விளக்குவதற்காக நானும் லேப்டாப்போடு போனேன். குக்கர் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு இருவது வருசமா நம்ம ஸ்கூல்தான். நான் தப்பா நெனைப்பேனா? ஆனா கவர்மெண்டு தடுத்த படத்துல நம்ம டீச்சர் இருக்காகன்னு நாலு பேரு கேக்கும்போது நான் என்ன சொல்ல?"

"கவர்மெண்டு தடுக்கல சார்," என்றேன். "ஒரு பாட்டுக் கம்பெனி தடுத்துருக்கு."

"பாட்டுக் கம்பெனி எதுக்கும்மா நாட்டையே தடுக்குது?"

அலமாரியைப் பார்த்தேன். "இந்தக் குக்கருக்கு மதுரை ஏஜென்சி ஒங்ககிட்டத்தான சார் இருக்கு? மதுரைக்குள்ள வேற யாரும் விக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலாம்ல. திண்டுக்கல்ல சொல்ல முடியாது. அதே மாதிரிதான் இது."

அவர் யோசித்தார். "ஏஜென்சி நம்மகிட்டதான். அதுக்காக மதுரையில ஒருத்தர் வீட்டு அடுப்புல குக்கர் இருந்தா, நான் போயி சோத்த நிறுத்துறேனா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து அண்ணன் ஏற்றிய அதே கோப்பை ஓட்டினேன். கடைப் பணியாளர்களும் வந்து நின்றார்கள். தாகம் வந்த இடத்தில் செயலர் சிரித்தார். காப்பி வந்தபோது தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. பச்சப்புள்ள கூடப் பாக்கலாம். அதான் எனக்குப் புரியல. இதப் போயி எவனாச்சும் தடுப்பானா? அப்ப தடுத்தது இதா இருக்காது. அதுல வேற ஏதோ இருக்கணும்ல?"

"ரெண்டும் ஒன்னுதான் சார்."

"ஒன்னுன்னு எத வச்சும்மா சொல்றது? அதத்தான் பாக்க முடியலையே."

வீடியோ எவ்வளவுக்குக் குற்றமற்றதாக இருந்ததோ அவ்வளவுக்குச் சந்தேகம் கூடியது. ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, அங்கே ஓடுவதை இங்கே காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். "துபாய்க்காரன் பாக்கலாம், நம்ம பாக்கக் கூடாதாக்கும். அப்ப நம்ம நாட்டப் பத்தித்தான் ஏதோ இருக்கு" என்றார். ஷார்ஜாவிலிருந்து அக்கா "என்னடி சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறொரு நாட்டிலிருந்து பார்ப்பது போல இணையத்தை மாற்றும் வழி எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். தடுத்ததைத் திருட்டு வழியில் திறந்து காட்டினாள் என்று நாளைக்கு அதுவும் சேரும். மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பட்டியல் போட்டேன். நான்கு வழி இருந்தது. வீடியோவை நீக்கலாம், பயந்து நீக்கிவிட்டார்கள் என்பார்கள். இசையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றலாம்; வெட்டிவிட்டு ஏற்றினார்கள் என்பார்கள். இசை நிறுவனத்துக்கு எழுதலாம். பதிலுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சும்மா இருக்கலாம். மூன்றாவதைச் செய்தோம். ஆனால் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. என்னைக் கேட்காமல் இரண்டாவதையும் செய்துவிட்டான். மேளத்தோடு அந்தப் பன்னிரண்டு விநாடிக் காட்சியையும் வெட்டிவிட்டு, அடுத்த காட்சியின் தொடக்கத்தில் அவனே வாயால் டுர்ர்ர் என்று கார் ஓட்டியிருந்தான். அது எல்லாருக்கும் திறந்தது. ஆசிரியர் குழுவில் அன்று மாலையே ஒருவர் எழுதினார்: இது சென்சார் பண்ணினது போல. முதல் வீடியோவைவிட இது பன்னிரண்டு விநாடி குறைவு என்றும் யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவர்களுக்கு உறவினர் யாரோ சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு சரிதான்.

மே மாதம் மூன்றாவது வாரம் செயலரே வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"நான் மறுக்கலம்மா. ஒங்களத் தாண்டி இன்னொருத்தருக்குக் குடுத்தா ஏன்னு மேல கேப்பாக. காரணம்னு இந்த வீடியோவ எழுதணும், பேப்பர்ல ஏறிரும். ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு. நீங்களே வேண்டாம்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா ஒருத்தரும் ஒன்னும் கேக்கப் போறதில்ல."

"நான் என்ன செஞ்சேன் சார்?" என்றார் அம்மா.

"ஒன்னும் செய்யலம்மா. அது எனக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு லெட்டர்?"

அவர் பழப்பையை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்தார். அண்ணன் உள்ளறைக் கதவருகே நின்றான். வெளியே வரவில்லை.

அவர் போன பிறகு அம்மா என்னிடம், "பாப்பா, அந்தக் கம்பெனிக்காரன் பதில் போட்டுட்டானா பாரு" என்றார். பார்த்தேன். இல்லை. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, சொந்தக் காரணங்களால் பொறுப்பேற்க இயலவில்லை என்று மூன்று வரி எழுதினார். கணக்கு ஆசிரியையின் கையெழுத்து, ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

"சொந்தக் காரணம்னா என்னம்மா?" என்று அண்ணன் கேட்டான்.

"நீதான்டா" என்றார் அம்மா. அவன் சிரிக்கலாமா என்று பார்த்தான். அம்மா சிரிக்கவில்லை.

நிறுவனத்தின் பதில் ஜூன் முதல் வாரம் வந்தது. உரிமை உறுதி செய்யப்பட்டது, தடை தொடரும். மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் சேனலுக்கு எச்சரிக்கை விழும். மூன்று விழுந்தால் சேனலே போகும். அண்ணனின் கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அதே மேளம். இதுவரை எப்படித் தப்பின என்று தெரியவில்லை. மேல்முறையீடு வேண்டாம் என்று அம்மாதான் சொன்னார்.

இப்போதைய நிலை இது. முதல் வீடியோ வெளிநாட்டில் ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. இரண்டாவது எல்லா இடத்திலும் ஓடுகிறது, அதை யாரும் நம்பவில்லை. அறிவியல் ஆசிரியை தலைமையாசிரியர் ஆகிவிட்டார். அம்மா பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறார்.