தனகோடி அம்மாவின் கடைவாய்ப் பற்கள்

தனகோடி அம்மா போய்விட்டார்... நேற்று மாலை, கீழ்பென்னாத்தூரில், வீட்டிலேயே. மாரடைப்பாம்.

நான் இங்கே எதுவும் எழுதுவதில்லை. லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று முடியவில்லை.

அவர் மல்லாட்டை வியாபாரி. ஊர் ஊராகப் போய், களத்தில் காயும் வேர்க்கடலையில் ஒன்றை உடைத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். அந்த ஒரு கடியிலேயே ஈரமா, காய்ந்ததா என்று சொல்லி விலை பேசுவார். எங்கள் அடி அண்ணாமலைக்கும் வருவார்.

பத்தாவதோடு நின்று, வேங்கிக்காலில் ஒரு பல் கிளினிக்கில் நான் உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஒருநாள் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் போய் வருஷக்கணக்காகியிருந்தது. பல்செட் வைத்துத்தான் இத்தனை நாளும் கடித்தாராம், இப்போது அது வழுக்குகிறதாம்.

ஸ்கேனில் தாடை எலும்பு ரொம்ப ஒல்லி. முதலில் எலும்புத்தூள் வைத்து அகலப்படுத்தி, ஆறு மாதம் கழித்து இம்ப்ளான்ட் திருகு போடலாம் என்றார் டாக்டர் மேடம்.

"ஆறு மாசமா? இருக்கிற எலும்புலயே சின்னதா ஒண்ணு முடுக்கி வுடும்மா. நான் இன்னா கல்லையா கடிக்கப் போறேன்? கொழம்பு சோறுதான்."

அப்படியானால் ஒல்லித் திருகு பார்க்கலாம் என்று மேடம் அரைமனதாகச் சொன்னார்.

எனக்கு உண்மை தெரியும். அறுவடை வருகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

"மேடம்... இவங்க நாள் பூரா மல்லாட்டை கடிக்கிறவங்க."

"வாயே தொறக்காத பொண்ணு, தொறந்து என் பொழப்புல மண்ணைப் போடுது பாரு!" என்றார் அம்மா.

மேடம் விளக்கினார். எலும்பு ஒல்லியாக இருந்தால், கடிக்கிற அழுத்தமெல்லாம் திருகின் கழுத்தைச் சுற்றியே குவியும். அங்கே எலும்பு கரைந்துவிடும். அகலமாக இருந்தால் அழுத்தம் பரவிப்போகும்.

அம்மா அசையவில்லை. நான்தான் மறுபடியும்...

"ஒல்லி வரப்புல முளைக்குச்சி அடிச்சு மாட்டைக் கட்டினா, மண்ணு பேத்துக்கும்மா. அகலமான எடத்துல அடிச்சா நிக்கும்."

கொஞ்ச நேரம் என்னையே முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "மாடு கட்றத எனக்கே சொல்லித் தர்றியா? சரி. ஆறு மாசம்."

அந்த அறுவடைக்கு அவர் எந்தக் களத்திலும் இறங்கவில்லை. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம், "இன்னா முளைக்குச்சி, என் வரப்பு அகலமாச்சா?"

மறு அறுவடைக்கு எங்கள் ஊர்க் களத்துக்கு வந்தார். புதுப் பல்லோடு.

வேறொரு வியாபாரி ஒரு குவியலைக் கையால் அளைந்து, "நல்லா காஞ்சிருக்கு" என்றார். அம்மா அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஈரம்யா. இன்னும் ரெண்டு வெயில் காயணும்."

அந்த வியாபாரி குவியலைக் கிளறிப் பார்த்தார். அடியில் ஈரம்.

"என்னா தனகோடி, எலும்புல கம்பி கட்டிக்கினியா?"

அம்மா கூட்டத்தில் என்னைத் தேடிக் கத்தினார். "ஏய் முளைக்குச்சி! பாத்தியாடி, ஆடலை!"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதல்முறையாக நான் தலை குனியவில்லை.

போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயிலும் திருகைச் சுற்றி எலும்பு கொஞ்சமும் குறையவில்லை.

இன்று போய்ப் பார்த்தேன். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். "நேத்து காலையிலகூட களத்துல கடிச்சிட்டுத்தான் வந்துச்சு" என்றார் அவர் மகள்.

போய்ட்டு வாங்கம்மா. கடைசி வரைக்கும் ஆடலை.

உங்கள் முளைக்குச்சி