ஆள் இல்லாத சுவர்கள்

சுவரைப் படம் எடுக்க மேகம் மூடிய நாள்தான் தோதானது. வெயில் எறித்தால் ஒவ்வொரு கல்லின் கீழும் நிழல் விழும். அந்த நிழலோடு சுவரைக் கொண்டுபோய் வீடியோ விளையாட்டுக்குள் வைத்தால், விளையாட்டின் சூரியன் ஒரு பக்கமும் சுவரின் நிழல் இன்னொரு பக்கமுமாக நின்று பல்லிளிக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதுவரை என்ன பிழை என்று தெரியாமல் கொம்பியூட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர்காவற்றுறையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். அப்பாவுக்குக் கடற்தொழில். அண்ணன் பாரிசில் இருந்தான். அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். இடிந்துபோன ஒரு துறைமுகப் பட்டினம். அதற்குள் பூட்டிய கதவுகளின் திறப்புகளைத் தேடி நடக்க வேண்டும், பேய்கள் வரும், சுட வேண்டும். சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகும்போது பழைய லப்டொப் ஒன்றையும் சின்னக் கமரா ஒன்றையும் பாடங்கள் அடங்கிய சிடி ஒன்றையும் என்னிடம் விட்டுப் போனான்.

"எங்களுக்கு இடிஞ்ச சுவர்தான் வேணும். இஞ்சை இல்லாத இடிஞ்ச சுவரோ?" என்றான். அதுவும் சிரித்துக்கொண்டு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் லப்டொப்பை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

விளையாட்டில் வரும் வீடு வெறும் பெட்டி. கல்லும் இல்லை, சாந்தும் இல்லை. கொப்பிக்கு உறை போடுகிற மாதிரி, அந்தப் பெட்டிக்குமேல் சுவரின் படத்தை ஒட்டுவார்கள். அந்த உறைக்குப் பெயர்தான் டெக்ஸ்சர். ஒரு முழம் சுவரைப் படம் எடுத்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி நூறு முழம் மதிலாக்க வேண்டும். பொருத்து எங்கே என்று பார்க்கிறவருக்குத் தெரியவே கூடாது. ஒரு கல்லில் மட்டும் வெள்ளைப் பொட்டு இருந்தால், அதே பொட்டு மதில் முழுக்க வரிசையாக நின்று காட்டிக் கொடுத்துவிடும். அதை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முத்திரைக் கட்டை மாதிரி ஒரு கருவி இருந்தது. பக்கத்தில் உள்ள நல்ல கல்லைத் தொட்டு, பொட்டு இருக்கும் இடத்தில் குத்திக் குத்தி மூடிவிடலாம். எனக்கு அந்த வேலை நன்றாகக் கைவந்தது. வேறு எதுவும் அவ்வளவு கைவரவில்லை.

ஆனால் படம் எடுக்கப் போவதுதான் பயம். சண்டை மறுபடி தொடங்கி, தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டி இரண்டாவது வருடம் அது. சந்திக்குச் சந்தி சென்றி, துவக்கோடு ஆமிக்காரர். கமராவைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, சைக்கிளில் போவேன். மதிலடியில் இறங்கி, செயின் கழன்றுவிட்டது என்று பாசாங்கு பண்ணிக் குனிந்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரே ஒரு படம். எங்கோ மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கை நடுங்கிப் படம் கலங்கிவிடும். மறுபடி எடுக்கத் துணிவு வராது. வீட்டுக்கு வந்து அந்தக் கலங்கிய படத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன். இவ்வளவு பயத்தோடு ஏன் போனாய் என்று கேட்டால், சொல்லத் தெரியாது. அந்த ஊரில் நான் செய்து முடித்தேன் என்று சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை.

இதில் நான் செய்த மடைத்தனம் ஒன்று உண்டு. எந்தச் சுவர் எங்கே எடுத்தது என்று மறந்துபோகாமல் இருக்க ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறியத் திசை வேண்டும். கல் எவ்வளவு பெரிது என்று அறியத் தூரம் வேண்டும். நேரமும் வேண்டும். படத்துக்குள் யாராவது விழுந்தால் அது உதவாது, அதையும் குறிக்க வேண்டும். ஆகவே என் கொப்பி இப்படி இருந்தது:

"சுருவில் பாதை, சந்தி மதில். கிழக்குப் பக்கம். ஆறு அடி தூரம். காலை ஏழரை. ஆள் இல்லை."

"நாரந்தனை, பழைய கடைச் சுவர். வடக்குப் பக்கம். நாலு அடி. பின்னேரம் ஐந்து. ஆள் இல்லை."

பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில், சிவப்புப் பேனையால் கோடு போட்டு எழுதியிருந்தேன். அதை வேறு கண்ணால் வாசித்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. படித்த பிள்ளை என்று பேர்!

வியாழக்கிழமைகளில் நான் யாழ்ப்பாணத்துக்குப் போய் இன்டர்நெற் கடையில் இருந்து அண்ணனுக்குப் படங்களை அனுப்புவேன். அந்த வியாழன் எனக்குக் கண்ணோய். கண் திறக்க ஏலவில்லை. அப்பா வலைக்கு நூல் வாங்கப் போகிறார் என்றதும், படங்கள் இருந்த பென் டிரைவையும் கொப்பியையும் அவருடைய பைக்குள் நானே வைத்தேன். அண்ணன் அளவுகளைக் கேட்டிருந்தான். கடைப் பிள்ளை பார்த்துத் தட்டி அனுப்பிவிடுவாள்.

"என்ன பிள்ளை இது?" என்று அப்பா கேட்டார்.

"பாடக் கொப்பி அப்பா. நெற் கடைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ, அவவுக்குத் தெரியும்."

விளங்கப்படுத்தப் பஞ்சி, சோம்பல். அவ்வளவுதான். அந்தப் பஞ்சியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

பத்து மணிக்குச் சந்திக் கடைக்கார அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தா. அதே பஸ்ஸில் போய், பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறா.

"பிள்ளை, உன்ரை அப்பாவைச் சோதிக்கிற இடத்திலை மறிச்சுப் போட்டாங்கள். பஸ் அவரை விட்டிட்டுப் போட்டுது. பையுக்கை ஏதோ கொப்பியாம். பாடக் கொப்பி எண்டு மனிசன் திருப்பித் திருப்பிச் சொல்லுது. அவங்கள் நம்பேல்லை."

அந்தக் கணத்தில்தான் கொப்பியில் எழுதியிருந்தது முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வந்தது. திசை. தூரம். நேரம். ஆள் இல்லை. அட கடவுளே, இதை யார் வாசித்தாலும் என்ன நினைப்பார்கள்!

"நீதானேயடி வைச்சனீ! படம் படம் எண்டு திரிஞ்சு கடைசியிலை மனிசனைக் குடுத்திட்டியே!" என்று அம்மா கத்திக் குழறினா. பிறகு புனித அந்தோனியாரைக் கூப்பிட்டா. பிறகு சுவாமியாரைக் கூட்டிவரப் பங்குவீட்டுக்கு ஓடினா. சுவாமியார் காலைப் படகில் அனலைதீவுக்குப் போய்விட்டார் என்று வெறுங்கையோடு வந்தா.

கடைக்கார அக்கா என் கையைப் பிடித்து, "அந்தக் கொம்பியூட்டரைக் கிணத்துக்கை போடு. கமராவையும் போடு. ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு" என்றா. நல்ல மனிசி. எனக்காகத்தான் சொன்னா. நானும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரை போனேன், பொய் சொல்லவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் அதை வைத்துவிட்டு நின்றேன். போட்டால் நான் தப்பலாம். அப்பாவிடம் அந்தக் கொப்பி மட்டும் மிஞ்சும். அது சொல்வதை மறுக்க வேறு சாட்சி இருக்காது. கொண்டுபோனால் இரண்டு பேரும் உள்ளே போகலாம். அந்த வருடங்களில் உள்ளே போனவர்களைப் பற்றி நாங்கள் உரத்துக் கதைப்பதில்லை.

கொண்டுபோனேன். அம்மாவும் வந்தா. லப்டொப்பின் பற்றரி பழையது, இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. வழி முழுக்க அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

சோதிக்கிற இடத்தில் அப்பா ஒரு மர வாங்கில் இருந்தார். கைகள் முழங்காலில். என்னைக் கண்டதும், போ என்று தலையை மெல்ல ஆட்டினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கடலில் எத்தனை காற்றைக் கண்ட மனிதன், அந்த வாங்கில் சின்னதாக ஒடுங்கிப்போய் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அவர் எழும்பிவிடுவார் என்று பயம்.

ஆமி அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மேசையில் கொப்பி விரிந்திருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சேர். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது."

"ஆள் இல்லை. என்ன ஆள் இல்லை? எந்த நேரம் ஆள் இல்லை, அதுவா?"

"இல்லை சேர்! படத்திலை சேர். படத்திலை ஆள் வரக் கூடாது."

"ஏன் வரக் கூடாது?"

லப்டொப்பைத் திறந்தேன். அது எழும்ப ஐந்து நிமிடம். சவம் பிடித்த பெட்டி, இன்றைக்காவது கெதியாக எழும்பு என்று மனதுக்குள் திட்டினேன், மன்றாடினேன்.

முதலில் வெறும் பெட்டியைக் காட்டினேன். பிறகு அதற்கு மதிலைப் போர்த்தினேன். பிறகு மதிலை நீட்டினேன். இரண்டு தரம் பிழை விட்டேன். அவர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். "கேம்?" என்றார். "ஓம் சேர், கேம். திறப்புத் தேடுற கேம்." சுடுவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவசரத்தில் அடுத்த படத்தையும் தட்டிவிட்டேன். நாங்கள் சமைக்கும் குசினியின் பின்சுவர். எங்கும் துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டைகள்.

"இது எந்த இடம்?"

அப்பா வாங்கில் இருந்தபடி சொன்னார்:

"எங்கடை வீடு மாத்தையா. குசினிச் சுவர்."

"ஓட்டை?"

"ஆணி அடிச்சது. வலை கொழுவ."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அது ஆணி இல்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதிகாரி இன்னொரு படத்தைத் தொட்டு, அதில் அளவுக்காக நான் சாய்த்து வைத்திருந்த அடிமட்டத்தைக் காட்டி, "இதை இல்லாமல் செய்" என்றார்.

முத்திரைக் கருவியை எடுத்தேன். கல்லைத் தொட்டு அடிமட்டத்தில் குத்தினேன். பாதி மறைந்தது. முழுக்க மறைந்தது. அங்கே அடிமட்டம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. அவர் "ஹா" என்றார். அடுத்த நிமிடம் திரை கறுத்தது. பற்றரி முடிந்துவிட்டது.

கொப்பியையும் பென் டிரைவையும் அவர் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார். "எங்க ஊர்ல பொம்பிளைப் பிள்ளை பூ படம் எடுக்கும். நீங்க பூ எடுங்க. சுவர் வேணாம்" என்றார். நாலு மணிக்கு அப்பாவை விட்டார்கள்.

பஸ் இல்லை. நடந்தோம். அப்பா கமராவை உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். உடைத்தால் நல்லது, இந்தப் பயத்திலிருந்து தப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நாரந்தனை தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கலியாணப் படம் எடுக்கிற பொடியன் எவ்வளவு பெரிய கமராவோடை சென்றியாலை போறான், மறிக்கிறாங்களோ?" என்றார். "அவன்ரை படத்திலை மனிசர் நிக்கினம். உன்ரை படத்திலை ஒரு சீவன் இல்லை. அதுதான் பிழை. இனி எடுக்கிறதெண்டால் என்னை முன்னாலை நிப்பாட்டி எடு. மகள் தேப்பனைப் படம் எடுக்கிறாள் எண்டு விடுவாங்கள்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டா. "தேப்பனுக்கும் மகளுக்கும் விசர்!"

இரண்டு கிழமை கழித்து, மேகம் மூடிய ஒரு காலையில், அப்பா பூசைக்குப் போடும் முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மதிலுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சென்றியில் நின்றவன் பார்த்தான், கையை ஆட்டினான், திரும்பிக்கொண்டான். பயமில்லாமல் நான் எடுத்த முதல் படம் அதுதான். கை ஆடவேயில்லை.

பின்னேரம் வீட்டில் அந்தப் படத்தைத் திறந்து வைத்தேன். மதில் வேண்டும், அப்பா வேண்டாம். முத்திரைக் கருவியால் அவர் தோளில் ஒரு கல்லைக் குத்தினேன். பிறகு கை. பிறகு சேட்டு. முகத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தினேன். பிறகு கல் கல்லாக மூடினேன். கால்கள் மட்டும் மிஞ்சின. அவற்றையும் மூடினேன். வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். ஒரு பொருத்தும் தெரியவில்லை. அங்கே ஒரு மனிதர் நின்றார் என்று சத்தியம் பண்ணினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை வேலை செய்ததில்லை.

திடீரென்று அந்த வெறும் மதிலில் அப்பாவைத் தேடினேன். "அப்பா!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் வலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பி நின்றார். சேட்டைத் தேடிக் கை உடுப்புக் கொடியை நோக்கிப் போனது.

"என்ன பிள்ளை, ஆமிக்காரர் வந்திட்டாங்களோ?" என்று கேட்டார்.