புதுப் பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை

கிராமம் கிராமமாக நிலக் கணக்குகளைப் புதுப்பித்த எண்பதுகளில் நான் ஒரு தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தேன். பூச்சி அரித்த பழைய ஏடுகளிலிருந்து பட்டாதாரர் பெயர், சர்வே எண், பரப்பு எல்லாவற்றையும் புதுப் பதிவேட்டில் எடுத்தெழுத வேண்டும். இனி நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்பதில் குழப்பமே இருக்காது என்றார்கள். நானும் நம்பினேன். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னிடம்தான் நிறையக் கொடுத்தார்கள்.

அரியலூருக்கு மேற்கே உள்ள ஓர் ஊரின் ஏட்டில், ஒரு புஞ்சைக்கு நேரே, பழைய கணக்குப்பிள்ளை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கிழக்குப் பாதியையும் கிணற்றையும் பட்டாதாரரின் விதவை அண்ணி ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது. புதுப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

துணைத் தாசில்தாரிடம் கேட்டேன். "படிவத்துல கேக்கறத மட்டும் எழுதும்மா. அதெல்லாம் கோர்ட்டு சமாச்சாரம்" என்றார். மனம் கேட்காமல் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். தணிக்கையில் அழிக்கச் சொன்னார்கள். நானே அழித்தேன்.

சில மாதம் கழித்து அந்த அம்மாளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எங்க காட்டுக் கணக்க புதுசா எழுதினீங்களாம்ல? எம் பாத்தியதை ஏறியிருக்கான்னு பாரும்மா. கொழுந்தன் மவன் காட்ட விக்கப் போறானாம். சுண்ணாம்புக்கல்லுக்கு யாரோ கேக்கறாங்களாம்."

பதிவேட்டைப் புரட்ட வேண்டிய தேவையே எனக்கு இல்லை. "புதுசுல இல்லீங்கம்மா."

"பழசுல?"

"தெளிவா இருக்குங்க."

அவர் முகம் தெளிந்தது. "அப்பறம் என்னா? அதப் பாத்து எழுதிட வேண்டியதுதான?"

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ஆபீஸ் ஆள் செய்யக்கூடாத வேலைதான். ஆனாலும் அவருக்கு மனு எழுதிக்கொடுத்தேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் பதில் தயாரானது: உரிமையியல் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளவும். அந்தப் பதிலை உறையில் போட்டு முகவரி எழுதியவளும் நான்தான்.

கோர்ட்டில் காட்ட அவரிடம் பத்திரம் இல்லை. புருஷன் இறந்த வருஷம் பங்காளிகள் கூடி வெறும் தாளில் எழுதியது, ரெஜிஸ்தர் செய்யவில்லை. வாங்க வந்தவர் வில்லங்கச் சான்று எடுத்தபோது 'வில்லங்கம் ஏதும் இல்லை' என்றே வந்தது. அன்றைக்கும் அந்த அம்மாள் அந்தக் காட்டில்தான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாராம். கிரயம் முடிந்த வாரமே கிணற்றுக்குப் போகும் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அவர் ஜெயங்கொண்டத்தில் தங்கை வீட்டுக்குப் போய், முந்திரி உடைக்கும் வேலையில் சேர்ந்தார்.

மறுவருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. அவர்தான் முதலில் பேசினார்.

"கெணத்தத் தூத்துட்டாங்களாம்மா?"

போன மாதம்தான் அந்த ஊருக்கு ஆபீஸ் ஜீப்பில் போயிருந்தேன். கிணறு இருந்த இடத்தில் கல் வெட்டிய பள்ளம்தான் இருந்தது.

"தெரியலீங்கம்மா" என்றேன்.

"நீ என்னா பண்ணுவ. ஒனக்கு மேல ஆளுங்க இருக்காங்க" என்று என் தோளைத் தட்டினார். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. அவர் ஏறி இடம் பிடிக்கும்வரை நின்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஜன்னலருகே போனேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.