பிலோமினா அக்காவின் சந்தேகங்கள்

செவ்வாய்க்கிழமை காலை காக்ஸ் டவுனிலிருந்து போன் வந்தது. பிலோமினா அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். "அக்கா போயிட்டாங்க" என்றாள். "யார் வீட்டுக்கு?" என்று கேட்டேன். மறுமுனையில் விசும்பல் கேட்ட பிறகுதான் விளங்கியது. அவரிடம் நாய்க்குட்டி வாங்கிய உங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். குட்டியைக் கொடுத்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்பவர் அவர்.

டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். வீட்டின் பின்பக்கம் ஃபாக்ஸ் டெரியர் வளர்த்தார். குட்டை மயிர், வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் கறுப்பும் பழுப்பும். நானும் என் கணவர் முரளியும் முதன்முதலில் போனபோது காபி வந்தது, குட்டி வரவில்லை. கேள்விகள்தான் வந்தன. பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? பக்கத்தில் பூனை உண்டா? இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது?

"மடியில வெச்சு கொஞ்சுற நாய் இல்லம்மா இது. வளைக்குள்ள பூந்து நரியை வெளிய தள்றதுக்குன்னு வெள்ளைக்காரன் உண்டாக்கினது. இங்க பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட்டுக்கு கூட்டியாந்தான், ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போயிட்டான். நீங்க வேலை குடுக்கலன்னா அதுவா ஒரு வேலை தேடிக்கும். அது உங்களுக்குப் பிடிக்காது."

முரளிக்குக் கோபம். "என்னா மேடம், போலீஸ் மாதிரி கேக்கறீங்க?"

"போலீஸ் ஒரு தடவதான் வரும் தம்பி. நான் வந்துட்டே இருப்பேன்."

குட்டிக்கு சோடா என்று பெயர் வைத்தோம். ஆடுகோடியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே முரளியின் லேத் பட்டறை. கிரைண்டிங் மெஷின் அலறும், சோடா பக்கத்திலேயே அசையாமல் தூங்கும். எவ்வளவு தைரியம் பார் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினோம். ஆனால் கூப்பிட்டால் வராது. ஐந்தாம் மாதத்தில், பின்னாலிருந்து தூக்கப்போன முரளியின் விரலைக் கடித்துவிட்டது.

அந்த வாரமே அக்கா வந்தார். முரளி குனிந்து சோடாவின் முதுகைத் தொட்டான். அது துள்ளி விழுந்து பல்லைக் காட்டியது. அக்கா நாயைப் பார்க்கவில்லை, முரளியைப் பார்த்தார்.

"யாரு அடிக்கறது?"

"யாரும் அடிக்கல."

"அடிபடாத நாய் கை பட்டதுக்கு இப்படித் துள்ளாது."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சோடாவை அள்ளிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார். முரளி சாப்பிடாமல் படுத்தான். எனக்கு வேறொரு எண்ணம் முளைத்தது. குறையுள்ள குட்டியைத் தெரிந்தே நம் தலையில் கட்டிவிட்டு, இப்போது பழியை முரளி மேல் போடுகிறாரோ? போனில் கேட்டேவிட்டேன். அக்கா போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குத் தயாராகவே போனோம். பின்பக்கம் சோடா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஓர் எவர்சில்வர் தட்டை சிமென்ட் தரையில் ஓங்கிப் போட்டார். மற்ற இரண்டு நாய்களும் குதித்தெழுந்தன. சோடா திரும்பவில்லை. இன்னொரு முறை போட்டார். அப்போதும் இல்லை.

"தம்பி, உன்னை தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிடு" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதா அக்கா?" என்றேன்.

"தெரியாது." தட்டை எடுத்துத் துடைத்தார். பிறகு, "பொய். சந்தேகம் இருந்துச்சு. கதவு சாத்தினா மத்த குட்டிங்க முழிச்சுக்கும், இது முழிக்காது. அப்பவே தட்டைப் போட்டுப் பாத்திருக்கணும். பயந்துட்டேன்" என்றார்.

வெள்ளை நாய்களுக்கு இந்தக் காது கேளாத குறை ரத்தத்தில் வருவதுண்டாம். அது உறுதியானால் தாயையும் தகப்பனையும் இனி சேர்க்கக் கூடாது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். அந்த மாதமே இரண்டுக்கும் கருத்தடை செய்தார். அதற்கு முன் குட்டி வாங்கிய ஒவ்வொருவரையும் அழைத்து, தட்டு போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த போன் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

சோடாவை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். முரளி சம்மதிக்கவில்லை. அப்புறம் ஞாயிறுதோறும் ஆடுகோடிக்கு வந்தார். தூங்கும்போது தொடாதே, தரையைக் காலால் தட்டி எழுப்பு. கையசைத்துக் கூப்பிடு, வந்ததும் முதலில் ஏதாவது தின்னக் கொடு. தெருவில் ஒருபோதும் கயிற்றை விடாதே. வெயிலில் அதன் மூக்கும் காதும் வெந்துவிடும், நிழலில் கட்டு. சொல்லிக்கொடுக்கும்போதே தண்ணீர்ச் சட்டியை மோந்து பார்ப்பார். "கயிறு புதுசா? பழசு என்னாச்சு?" என்பார். மன்னிப்புக் கேட்டதால் சந்தேகம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. நாங்களும் பழகிக்கொண்டோம்.

அடக்கத்துக்கு நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். மிச்சமிருந்தது ராணி மட்டும்தான், சோடாவின் தாய், கிழடு. அதை யார் கொண்டுபோவது என்று கல்லறை வாசலிலேயே பேச்சு எழுந்தது. பகலில் யார் இருப்பார்கள், பூனை உண்டா என்று ஒருவரை ஒருவர் குடைந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். அக்காவின் கையெழுத்து: "ராணியை முரளி கொண்டுபோகட்டும். வேறு யாருக்கும் வேண்டாம்."

முரளி அதைப் படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ராணியும், சந்தேகம் வந்தால் அன்றைக்கே சோதித்துவிடும் பழக்கமும்தான். ராணி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் மூலை மூலையாகப் போனது, கட்டிலுக்கு அடியில் நுழைந்தது, அடுப்படியை மோந்தது. கடைசியாக முரளியின் கைக்கு வந்து, உள்ளங்கை, விரல், நகம் என்று நெடுநேரம் மோந்து பார்த்தது. அவன் கையை எடுக்கவில்லை.