அண்ணனை விடாத பாய்லர்

எங்கள் அண்ணனின் முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. நல்லவர், வல்லவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவரோடு ஐந்து வருடம் பேசாமல் இருந்தவள் நான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் பிறந்தது திருவதிகையில். அப்பா தவறிய பிறகு அம்மா எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்தார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, பாய்லர் ஓட்டும் சான்றிதழ் பரீட்சையும் தேறி, கடலூர் சிப்காட்டில் ஒரு சாயப்பொருள் ஆலையில் சேர்ந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆலை முழுவதற்கும் நீராவி அனுப்புவது அவர் வேலை. சான்றிதழ் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் பாய்லர் எரியக் கூடாது என்பது சட்டம். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான்.

2004 வரை பாய்லர் எண்ணெயில் எரிந்தது. எண்ணெய் விலை ஏறவும், சவுக்குக் கட்டைக்கும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஓட்டுக்கும் மாறலாமா என்று நிர்வாகம் யோசித்தது. மற்ற ஆபரேட்டர்கள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான் முந்திக்கொண்டு, “நான் ஓட்டிக் காட்டுறேன் சார்” என்றாராம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். பாய்லர் கட்டைக்கு மாறியதும் வாசலில் ‘பசுமை ஆலை’ என்று பலகை வைத்தார்கள். “பசுமையாம்! உள்ள வந்து பாரு, கரிச்சட்டி மாரி நிக்கிறேன்” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

கட்டை அடுப்பு ஒத்துவராமல் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அண்ணனும் சிதம்பரத்துக்கே வந்து அண்ணியோடு இருக்க ஆசைப்பட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். “ஒரு ஆளத் தயார் பண்ணிக் குடுத்துட்டுப் போப்பா” என்றார் மேனேஜர். அண்ணன் தயார் செய்தார். அந்த ஆள் சான்றிதழ் வாங்கியதும் துபாய்க்குப் பறந்தார். மூன்று முறை இதே கதை. மூன்று பேரும் அண்ணனுக்குச் சென்ட் பாட்டில் அனுப்பினார்கள், புண்ணியவான்கள்! அவர் மட்டும் அங்கேயே கிடந்தார்.

என் கல்யாணம் சிதம்பரத்தில், காலை முகூர்த்தம். பெண்ணின் கையில் பொரி இட வேண்டியவர் கூடப்பிறந்தவர். ஷிப்ட் முடித்து வர வேண்டிய அண்ணனைக் காணோம். மாற்று ஆள் வேலைக்கு வரவில்லை என்று தகவல் வந்தது. மணக்கோலத்தில் நானே செல்போனில் கத்தினேன்.

“அடுப்ப அணச்சிட்டு வர முடியாதா அண்ணே?”

“பொத்தான அமுக்குனா நிக்கிறதுக்கு இது எண்ணெய் இல்லம்மா. உள்ள கட்டை பத்தி எரியுது. ஆள் இல்லாம விட்டா, தண்ணி கொறஞ்சி வெடிச்சிரும்.”

“கூடப் பொறந்தவள விட ஒனக்கு அடுப்புதான் பெருசு” என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரியப்பா மகன் பொரி இட்டார்.

அதன் பிறகு அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வருவார். நான் இலை போடுவேன், சோறு வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். “அவ கெடக்கிறா, நீங்க சாப்புடுங்க மச்சான்” என்பார் என் கணவர். “இருக்கட்டும் மாப்ள. கோவத்த எங்கிட்ட காட்டாம வேற யாருகிட்ட காட்டுவா?” என்பார் அண்ணன். அதுவும் என் காதில் விழும். அப்போதும் நான் பேச மாட்டேன்.

2011 கடைசியில் கடலூரைப் புயல் அடித்தது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. மறுநாள் நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சாய்ந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். ஆலை முற்றத்தில் பாதி எரிந்த கட்டைகள் சிதறிக் கிடந்தன. அண்ணன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் ஈரத்துணி.

உடன் வேலை பார்த்தவர் சொன்னார்: “கரண்டு போச்சி. ஜெனரேட்டர் மேல கூரை விழுந்துடுச்சி. தண்ணி ஏத்துற பம்ப்பு நின்னுபோச்சி, உள்ள நெருப்பு முழுசா எரியுது. எல்லாரும் ஓடுங்கன்னு ஒரே சத்தம். ‘எங்க ஓடுறது? பக்கத்துலயே ஊரு இருக்கு’ன்னுட்டு, கொக்கிய வச்சி எரியிற கட்டைய ஒண்ணொண்ணா வெளிய இழுத்துப் போட்டாரும்மா.”

எண்ணெயாக இருந்திருந்தால் கரண்டு போனதும் தானாகவே நின்றிருக்கும். அந்தக் கட்டைகளைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. “அண்ணே” என்று அழுதபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்பதான் வாய் தெறந்துச்சா? இதுக்கு ஒரு புயலே வர வேண்டியிருக்கு பாரு” என்றார். பாவி மனுஷன், அந்த வலியிலும் கிண்டல்!

கை ஆறியதும் இனியாவது விடுவார்கள் என்று நினைத்தேன். புயலில் சாய்ந்த முந்திரியும் சவுக்கும் லாரி லாரியாக வந்து குவிந்தன. கட்டை மலிந்ததால் பாய்லர் ஓயாமல் எரிந்தது. மறுபடி அண்ணனையே கூப்பிட்டார்கள். “இன்னும் ரெண்டு பேரு பரீட்சை எழுதியிருக்கானுவ. தேறிட்டா வந்துருவேன்” என்றார். இருவரும் தேறினார்கள். துபாய்க்கும் போகவில்லை. மாதக் கடைசியில் விடுவிப்பதாக நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. அதற்குள், ஷிப்ட் முடித்து ஆலை எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அண்ணி அவருக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்.

ஓடிவந்து தூக்கிய டீக்கடைக்காரருக்கும், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், அண்ணியைத் தாங்கிக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் கடைசியாகத் தொழில் பழக்கிய இருவரில் ஒருவர் பாடை சுமந்தார். இன்னொருவர் வரவில்லையே என்று உறவினர் சிலர் குறைப்பட்டீர்கள். அவர் அன்று காலை எனக்குப் போன் செய்தார். “மாத்த ஆளு இல்லக்கா. அண்ணன் மொகத்தப் பாக்க முடியலியே” என்று தேம்பினார்.

“நெருப்ப விட்டுட்டு வந்துராதப்பா” என்று அவருக்குச் சொன்னவள் நான்தான்.